ஹெனகன் வீட்டில் குடியிருப்பவர்

“மாடி ஜன்னல்ல பெயிண்ட்ல வரைஞ்சிருக்கிற அந்த ஐயா மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாரு?” என்று ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரப் பெண் ஒருமுறை உனா கெவிகனிடம் கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. ஒரு மணிக்கு என்றும், வெள்ளிக்கிழமை மீன் என்பதால் சற்று முன்னதாகவே முடித்துவிடுவார் என்றும் உனா சொன்னாள். கீழே இருப்பதும் வரைந்த கதவுதான், அதைத் தட்டிப் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். தபால்காரப் பெண் நன்றி கூறி, மளிகைக்கடை விளம்பரத் தாள் ஒன்றைக் கதவடியில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் கல் மட்டும் இருந்தது. தாள் மாடி ஜன்னலில், அந்த மனிதரின் முழங்கைக்குப் பக்கத்தில், பெயிண்டாக மடிந்து கிடந்தது.

டிரம்கானாவுக்கு ஒரு பெரிய தெரு, ஒரு பாலம், ஒரு தேவாலயம், மூன்று மதுக்கடைகள். அத்லோன் போகிற லாரிகள் நிற்காமல் கடந்துபோகும் ஊர். அயர்லாந்தின் சின்ன ஊர்கள் எல்லாம் வருடா வருடம் எது அழகு, எது சுத்தம் என்று போட்டியிடுவதில் டிரம்கானாவும் சேர்ந்திருந்தது. அதற்கென்று ஒரு குழு இருந்தது. திங்கட்கிழமை மாலைகளில் குழுவினர் ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, நீளக் கிடுக்கியால் சிகரெட் துண்டுகளைப் பொறுக்குவார்கள். நடைபாதைக் கல்லிடுக்குகளில் புல் சுரண்டுவார்கள். விளக்குக் கம்பங்களில் பூக்கூடைகள் தொங்கவிடுவார்கள். ஜூனிலோ ஜூலையிலோ நடுவர் ஒருவர் வருவார். எப்போது வருவார், ஆணா பெண்ணா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, பெயர் கேட்கவே கூடாது என்பது ஊரின் எழுதாத சட்டம். அதனால் ஜூன் பிறந்ததும், கூரைத் தூம்பை அண்ணாந்து பார்க்கிற எந்த அந்நியருக்கும் டிரம்கானாவில் தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் இலவசமாகக் கிடைத்தன. வழி தவறிய ஒரு ஜெர்மன்காரர், இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர், மாட்டு டாக்டரின் மைத்துனர் ஆகியோர் இப்படி வயிறு நிறையச் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

குழுவின் தலைவர் டோனல் டியர்னி. இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பெயிண்ட் கலக்கும் இயந்திரமும் அவர் கடையில்தான் இருந்தது. கலவை தவறிப்போய் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிய டப்பாக்களையெல்லாம் அவர் குழுவுக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே டிரம்கானாவின் பெரிய தெரு யாருமே விரும்பாத நிறங்களால் ஆனது. ஒரு மணப்பெண் தன் சமையலறைக்கு ஒத்துக்கொள்ளாத மஞ்சளில் நூலகமும், ஒரு பாதிரியார் முகம் சுளித்த நீலத்தில் இறைச்சிக் கடையும் நின்றன. வெளியூர்க்காரர்கள் இதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் நடுவரின் அறிக்கை ஒவ்வொரு வருடமும் ஒரே வரியில் முடிந்தது: பெரிய தெருவின் நடுவே பாழடைந்து நிற்கும் கட்டடம் வருத்தம் தருகிறது. பக்கத்து ஊரான குளோன்பாரா ஒவ்வொரு வருடமும் டிரம்கானாவை விட ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தது.

பாழடைந்த கட்டடம் ஹெனகன் வீடு. அந்த வீட்டின் கடைசி மகன் மேட்டி ஹெனகன், கூரையைப் புதுப்பிக்கப் பணம் சம்பாதித்துக்கொண்டு வருகிறேன் என்று எண்பதுகளில் இங்கிலாந்துக்குப் போனவன். லூட்டனில் கட்டட வேலை. போகிறபோது ஊரையே கூட்டி விருந்து வைத்தான், பாட்டுப் பாடினான், கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வந்து உனா கெவிகனைக் கல்யாணம் செய்துகொள்வதாக மதுக்கடையில் நாற்காலி மேல் ஏறிச் சொன்னான். முதல் கிறிஸ்துமஸுக்குப் பணம் சேரவில்லை. இரண்டாவதற்குப் பணம் சேராததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு, இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கே வெட்கமாகிவிட்டது. இப்படி அங்கேயே நின்றுபோனவர்கள் ஊரில் வேறு சிலரும் உண்டு என்பதால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. உனா கடைப் பலகைகளில் பெயர் எழுதும் தொழிலில் இருந்தாள். ஹெனகன் வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தாள். வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், பலகை எழுதி முடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது என்றாள்.

வீட்டுக்காரர் இல்லாமல் வீட்டைத் தொட முடியாது. விற்கவும் முடியாது. எனவே எல்லா ஊர்களும் செய்வதையே குழுவும் செய்தது. உடைந்த ஜன்னல்களையும் கதவையும் பலகை வைத்து அடைத்து, பலகைமேல் ஜன்னலையும் கதவையும் வரையச் சொன்னது. வரைந்தவள் உனா. கீழே பித்தளைக் கைப்பிடியோடு ஒரு பச்சைக் கதவு. மாடியில் வெள்ளைத் திரை, விளிம்பில் சிவப்பு ஜெரேனியம் பூத்தொட்டி. குழுவின் பொருளாளர் ஃபிலோமினா டோலன் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, ஆனா செத்த வீடு மாதிரியே இருக்கே. உள்ள ஒரு ஆளை உட்காரவை” என்றாள். உனா ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். ஏணியிலிருந்து அவள் இறங்கியபோது, ஜன்னலில் இருபத்தாறு வயது இளைஞன் ஒருவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். யாரை வரைந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காதுகள் ஹெனகன் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

அந்தக் குளிர்காலத்திலேயே ஜன்னலில் இருந்தவருக்கு வயது ஏறியது. நவம்பரில் முன்வழுக்கை விழுந்தது. ஜனவரியில் கன்னம் தொங்கியது. மார்ச்சில் புனித பேட்ரிக் திருநாள் வந்தபோது அவர் நாற்பத்தெட்டு வயது மனிதராக, கொஞ்சம் தொப்பையோடு, வாசிக்கும் கண்ணாடி அணிந்து அதே நாற்காலியில் இருந்தார். தான் தொடவில்லை என்றாள் உனா. அவர் அசைவதை யாரும் பார்த்ததில்லை. அசைந்து முடித்திருப்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். காலையில் முதல் பக்கம் இருந்த செய்தித்தாளில் மாலையில் குதிரைப் பந்தயப் பக்கம் இருக்கும். ஜெரேனியத்திலிருந்து சிவப்புப் பெயிண்ட் இதழ்கள் நடைபாதையில் உதிரும். அவற்றைக் குழு கூட்டி அள்ளியது. ஊர் அவரை ஜன்னல்காரர் என்று அழைக்கத் தொடங்கியது. அந்த வருட அறிக்கையில் பாழடைந்த கட்டடம் பற்றிய வரி இல்லை. பெரிய தெரு உயிரோட்டமாக இருக்கிறது என்று இருந்தது. டிரம்கானா முதன்முறையாக குளோன்பாராவின் மதிப்பெண்ணைத் தொட்டது. டோனல் டியர்னி கடையை அரைநாள் மூடிவிட்டு எல்லோருக்கும் மது வாங்கிக் கொடுத்தார். ஒரு கோப்பையை எடுத்துப்போய் ஜன்னலுக்குக் கீழேயும் வைத்தார். மறுநாள் கோப்பை காலியாக இருந்தது, ஆனால் அதை நாய் குடித்திருக்கவும் கூடும்.

சிக்கல் அடுத்த வருடம் வந்தது. ஜன்னல்காரர் தனியாக இருக்கும் ஆண் எப்படி இருப்பாரோ அப்படி இருக்க ஆரம்பித்தார். பழைய செய்தித்தாள்கள் அவருக்குப் பின்னால் குவிந்து திரையைத் தள்ளிக்கொண்டு நின்றன. ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டார். உள்பனியனைப் பெரிய தெருவைப் பார்த்தபடி ஜன்னல் விளிம்பில் உலர்த்தினார். சிகரெட் பழக்கம் வேறு தொற்றிக்கொண்டது. சாம்பல்நிறப் பெயிண்ட் துகள்கள் நடைபாதையில் விழுந்து, மழையில் குழம்பி, வருவோர் போவோர் செருப்பில் ஒட்டின. குழு கூடி விவாதித்தது. டோனல் டியர்னி ஏணி போட்டு ஏறி, மூக்குக்கு நேராக நின்று பேசிப் பார்த்தார். “இதோ பாருங்க மேட்டி, ஊரே முட்டி தேயத் தேயப் புல்லு புடுங்குது. நீங்க ஒரு பனியனை உள்ள காயப் போடக்கூடாதா?” டோனல் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது திரை இழுத்து மூடியிருந்தது. நான்கு நாள் திறக்கவில்லை. அந்த நாட்களில்தான் நடுவர் வந்து போனார் என்று பிறகு தெரிந்தது. மதிப்பெண் குறைந்தது. பெரிய தெருவில் குடியிருக்கும் ஒருவர் வீட்டைச் சற்றுக் கவனித்துக்கொண்டால் நலம் என்று அறிக்கை சொன்னது.

அதன் பிறகு அவரைப் பார்த்துக்கொள்வதை உனா ஏற்றுக்கொண்டாள். தினமும் காலையில் ஏணியோடு வந்து காய்ந்த பூவை நீக்கிப் புதிதாக ஒன்று வரைவாள். பனியனை அழித்துச் சட்டை போட்டுவிடுவாள். செய்தித்தாள் குவியலை வெள்ளை பூசி மறைப்பாள். ஒரு மணிக்குத் தட்டு வரைவாள், அதில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி. இரண்டு மணிக்குத் தட்டு காலியாகியிருக்கும். அதைத் துடைத்து எடுப்பாள். பலகை எழுதும் வேலை வெளியூரில் வந்தால் வேண்டாம் என்றாள். ஃபிலோமினா டோலன் மனதில் பட்டதைப் பேசுபவள். “எல்லா ஆம்பளையும் கல்யாணம் பண்ணிட்டுத்தான் வேலை வாங்குவான். உன் ஆளு சுவத்துல உட்கார்ந்துக்கிட்டே வாங்குறானே, உனா!” என்றாள் இறைச்சிக் கடையில், பத்துப் பேர் முன்னால். உனா, “சுவத்துல இருக்கிறதால ராத்திரி குறட்டை விடுறதில்ல, ஃபிலோமினா. உன் வீட்டுக்காரர் சத்தம் பாலம் வரைக்கும் கேட்குது” என்று சொல்லி, எலும்பு நீக்கிய இறைச்சி எப்படி இருக்கும் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, வாங்காமல் போனாள். பார்த்தது வரைவதற்கு.

ஆண்டுகள் போயின. தட்டுகள் தினமும் காலியாயின. டிரம்கானாவின் மதிப்பெண் மெல்ல ஏறி மறுபடி குளோன்பாராவின் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னல்காரருக்கு முடி வெளுத்தது. உனாவுக்கும் வெளுத்தது. ஜன்னல்காரரைப் புகைப்பதை நிறுத்தச் சொல்லி அவள் சிகரெட்டை நாள்தோறும் அழித்து வந்ததில், மூன்றாம் வருடம் அவரே விட்டுவிட்டார். உண்மையான மேட்டி ஒருவர் லூட்டனில் இருக்கிறார் என்பதை ஊர் ஒரேயடியாக மறக்கவில்லை, ஆனால் நினைக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மேட்டி ஹெனகன் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் கைநீட்டிக் காட்ட ஆள் இருந்தார்.

பிறகு வீட்டின் பின்சுவர் சாய்ந்தது. முன்பக்கத்தைப் பார்த்தே பழகியவர்களுக்கு அது தெரிய வெகுகாலம் ஆனது. கவுன்சில் இன்ஜினியர் வந்து அளந்தார். அவர் பெயர் பிரெண்டன் குவிக், டிரம்கானாவுக்கு அந்நியர். உரிமையாளர் அங்கே குடியிருந்தால் சுவரைச் செப்பனிட அவகாசம் தரலாம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஜூன் கடைசி நாளோடு வீட்டை இடிக்க வேண்டியதுதான் என்று சொல்லிப் போனார். குழுவில் பெரும்பாலோருக்கு இது வருத்தமாக இல்லை. வீடு போனால் அந்த இடத்தில் வண்டி நிறுத்தலாம், ஓரமாக லாவெண்டர் பாத்தி போடலாம், தேனீக்களுக்கு என்று தனி மதிப்பெண் உண்டு. டோனல் டியர்னி இடிக்கச் சம்மதிப்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார். உனாவின் கை மட்டும் மேசை மேலேயே இருந்தது. “கோவிச்சுக்காத உனா. அவரு நல்லவர்தான். ஆனா பெயிண்ட்தானே, என் கடை பெயிண்ட்தானே? எந்த டப்பான்னுகூட எனக்குத் தெரியும்” என்றார் டோனல். “உங்க கடையில டப்பாதான் இருந்துச்சு டோனல், அவரு இல்ல” என்றாள் உனா. கூட்டம் பூக்கூடைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

ஜன்னல்காரரைக் காப்பாற்ற இன்னொரு மேட்டி வேண்டும் என்பது உனாவுக்கு அன்றே புரிந்தது. இத்தனை காலம் அவள் அவரைத் தேடியதில்லை. இப்போது லூட்டனுக்குக் காளான் ஏற்றிப் போகிற லாரி டிரைவர் ஒருவரிடம், அங்கே ஐரிஷ்காரர்கள் கூடும் மன்றத்தில் விசாரித்து இதை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்: வீட்டை இடிக்கப் போகிறார்கள், ஜூன் கடைசிக்குள் வந்து அது உன் வீடு என்று சொல்லிவிட்டுப் போ. லாரி டிரைவர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மேட்டி கேட்டுத் தலையை ஆட்டினார், ஆள் மெலிந்துபோயிருக்கிறார் என்றார். குளிர்காலமும் வசந்தமும் போயின. உனா எப்போதும்போல் ஒரு மணிக்கு ஏணியோடு வந்தாள்.

ஜூன் கடைசி நாள் காலைப் பேருந்தில் மேட்டி ஹெனகன் டிரம்கானாவில் இறங்கினார். அவரை யாரும் அடையாளம் காணவில்லை. காண வழியே இல்லை, மேட்டி ஹெனகன் எப்படி இருப்பார் என்பது ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜன்னல்காரருக்குச் சதைப்பிடிப்பான முகம், சிவந்த கன்னம், வேளாவேளைக்குச் சாப்பிட்ட உடம்பு. வந்தவருக்கு ஒட்டிய கன்னம், செங்கல் சுமந்து இறங்கிப்போன வலத்தோள், கம்பளித் தொப்பி காதுகளை மூடியிருந்தது. கையில் ஒரு பை. அவர் நடைபாதையில் மெதுவாக நடந்தார், ஒவ்வொரு வீட்டின் கூரையையும் அண்ணாந்து பார்த்தார், யாருடைய வீடு என்ன நிறத்துக்கு மாறியிருக்கிறது என்று நின்று நின்று பார்த்தார். பாலத்தருகே கிடந்த ஒரு தாளை எடுத்துத் தொட்டியில் போட்டார். அவ்வளவுதான், நடுவர் வந்துவிட்டார் என்று கால் மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. டோனல் டியர்னி கடை வாசலுக்கு வந்து, யாரோடும் பேசாமல் பூக்கூடையோடு உரக்கப் பேசினார்: “மழைத் தண்ணியைச் சேமிச்சுத்தான் உங்களுக்கு ஊத்துறோம், குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கிடையாது!” ஃபிலோமினா டோலன் ஏற்கனவே துடைத்த வாசற்படியை மறுபடி துடைத்து, அவர் கடக்கும்போது நிமிர்ந்து, “தற்செயலா இன்னிக்கு ரொட்டி சுட்டேன், வாங்க” என்றாள். அவர் எங்கிருந்து வருகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் அதை ஊர்க்காரர்களின் கருணை என்று எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்டி லாவெலின் மதுக்கடையில், ஹெனகன் வீடு நேரே தெரியும் மேசையில் அவரை உட்காரவைத்தார்கள். அவர் ஜன்னலை வெகுநேரம் பார்த்தார்.

“யாரு அது?” என்றார்.

“நம்ம மேட்டி ஹெனகன்” என்றார் கிறிஸ்டி, கோப்பை துடைத்தபடி.

“இங்கிலாந்துக்குப் போனவரா?”

“போனாரு. அங்க என்ன இருக்கு? திரும்பிட்டாரு. இப்ப வீட்டை விட்டு வெளிய கூட வர்றதில்ல.”

“ஆள் எப்படி?”

கிறிஸ்டி யோசித்தார். நடுவரிடம் பொய் சொல்வதும் தப்பு, ஊரை விட்டுக்கொடுப்பதும் தப்பு. “அமைதியான மனுஷன் ஐயா. யார்கிட்டயும் ஒரு சண்டை கிடையாது. ஆரம்பத்துல கொஞ்சம் அழுக்கா இருந்தாரு, இல்லைன்னு சொல்லல. உனா கெவிகன் கைக்கு வந்தப்புறம் சுத்தமாயிட்டாரு. குடுத்துவச்சவரு.”

“ஆமா” என்றார் அவர். அவருடைய தேநீர் ஆறிப்போய்விட்டது. கிறிஸ்டி வேறு கொண்டுவந்து வைத்தார், காசு வாங்க மறுத்தார்.

ஒரு மணிக்கு உனா ஏணியைச் சாய்த்து ஏறினாள். பெரிய தெருவின் நடைபாதை சற்றுச் சரிவானது, ஏணி ஆடும். மேட்டி தெருவைக் கடந்துபோய் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். உனா குனியாமலே நன்றி சொன்னாள். உருளைக்கிழங்கை முடித்து, பச்சை நிறத்தில் தூரிகையைத் தோய்த்தாள்.

“முட்டைக்கோஸ் அவனுக்குப் பிடிக்காதே” என்றது கீழிருந்து ஒரு குரல்.

“முன்னாடி பிடிக்காது. இப்ப சாப்பிடுறாரு” என்றாள் உனா. சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது. ஒரு இலையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆள் அனுப்பியிருந்தியே” என்றார் மேட்டி.

“போன வருஷம் அனுப்பினேன்.”

“வந்துட்டேன்ல.”

“மூணு மணிக்கு இன்ஜினியர் வருவாரு. வீடு உன்னோடதுன்னு சொல்லு. போதும்.”

“சொல்றேன். சொன்னா இவன் யாரு, உனா?”

உனாவின் தூரிகையிலிருந்து ஒரு பச்சைச் சொட்டு அவர் சட்டைக் கையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. “நான் இங்கயே இருந்துடட்டுமா?” என்று கேட்டார். ஏணியைக் கேட்பது போலத்தான் கேட்டார், முகத்தைத் தூக்கவில்லை.

“நீ என்ன சாப்பிடுவேன்னு எனக்குத் தெரியாது மேட்டி” என்றாள் உனா. “எந்தப் பக்கம் படுத்தா உனக்குத் தூக்கம் வரும், எந்த மழைக்கு உன் தோள் வலிக்கும், ஒண்ணும் தெரியாது. இவரோடது எல்லாம் தெரியும். பதினாலு வருஷமா தெரியும்.” அவள் குரலில் கோபம் இல்லை. பலகைக்கு எத்தனை அடி வேண்டும் என்று சொல்கிறவள் போலத்தான் சொன்னாள். பிறகு, “கெட்டியா புடி, இறங்குறேன்” என்றாள். மேட்டி கெட்டியாகப் பிடித்தார்.

மூன்று மணிக்கு பிரெண்டன் குவிக் வந்தார். ஹெனகன் வீட்டின் முன் குழு மஞ்சள் சட்டையோடு நின்றது. உரிமையாளர் குடியிருக்கிறாரா என்று அவர் கேட்டார். உனா, குடியிருக்கிறார் என்று ஜன்னலைக் காட்டினாள். டோனல் டியர்னி தொண்டையைச் செருமி, அது பெயிண்ட் என்றார். பெயிண்ட்தான், ஆனால் குடியிருக்கிறார் என்றாள் உனா. இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். ஜன்னல்காரர் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தள்ளிவைத்து, செய்தித்தாள் பிடித்திருந்தார். உங்கள் எல்லோருக்கும் இதில் ஏதோ ஒரு ஆதாயம் இருக்கிறது, ஊரைச் சேராத ஒருவர் சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றார் இன்ஜினியர். அவருடைய பார்வை, கூட்டத்துக்கு வெளியே கையில் பையோடு நின்ற மேட்டியிடம் வந்தது. “நீங்க இந்த ஊர் இல்லையே, ஐயா? அந்த வீட்டுல மேட்டி ஹெனகன்னு ஒருத்தர் இருக்காரா?”

நடுவரையே கேட்டுவிட்டாரே என்று குழு பதறியது. ஃபிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். உனா தெருவின் மறுபக்கத்தில், ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அது என்று மேட்டி சொன்னால் வீடு நிற்கும், அதில் இருக்க வேண்டியவர் அவர்தான் என்று ஆகும், பலகை வெறும் பலகை ஆகும். அவள் அவரை வேண்டாம் என்று சைகை காட்டவில்லை. சொல் என்றும் காட்டவில்லை.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரெதிரே வண்டி ஓட்டி வரும் இரண்டு பேர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். அதுதான் வணக்கம், நலமா, நலம், மழை வரும்போல, எல்லாம். மேட்டி ஹெனகன் தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். பையின் பிடியைப் பற்றியிருந்த கையில் ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்திருந்த ஜன்னல்காரரின் கையில் ஒரு விரல் தூக்கியிருந்தது. தூக்கியதை யாரும் பார்க்கவில்லை. அதற்கு முன் அது மடிந்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

“சரி, குடியிருக்காரு” என்றார் இன்ஜினியர். பின்சுவருக்கு அடுத்த இலையுதிர் காலம் வரை அவகாசம் என்று சொல்லி, அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டதால் உடனே வண்டியில் ஏறினார். அந்த ஆகஸ்டில் குழுவே சேர்ந்து பின்சுவரைக் கட்டியது. டோனல் டியர்னி சிமெண்டும், ஒரு ஆசிரியர் வேண்டாம் என்று சொன்ன சாம்பல்பச்சையும் கொடுத்தார். உண்மையான நடுவர் ஜூலை நடுவில், மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்ணாக வந்து, யாரும் கவனிக்காமல் தெருவைச் சுற்றிவிட்டு, தேநீருக்குத் தன் காசையே கொடுத்துவிட்டுப் போனார். மதிப்பெண் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. குளோன்பாரா ஒன்று முன்னால் இருந்தது.

அன்று இன்ஜினியரின் வண்டி பாலத்தைத் தாண்டியதும் குழு கலைந்தது, நடுவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று எல்லோரும் வேறு பக்கம் பார்த்தபடி போனார்கள். உனா ஏணியைத் திரும்பச் சாய்த்து, மேலே ஏறி, காலித் தட்டைத் துணியால் துடைத்து எடுத்தாள். முட்டைக்கோஸில் வரையாமல் விட்ட பாதி இலை மட்டும் வெள்ளையாக மிச்சமிருந்தது. அதையும் துடைத்தாள். கீழே மேட்டி அவள் இறங்கும் வரை ஏணியைப் பிடித்திருந்தார். அவள் கால் தரையைத் தொட்டதும் கையை எடுத்தார். நான்கு மணிப் பேருந்து தேவாலயத்தின் முன் வந்து நின்றது. அவர் பையைத் தோளில் மாட்டி, தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டு, ஏறிப் போனார்.